காடு மூடிய தோட்டம்

சான் ஹோஸேயிலிருந்து புவெர்ட்டோ வியெஹோவுக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம் என்றார்கள். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது. கோஸ்டா ரிக்காவின் தலைநகரைத் தாண்டியதுமே 32ஆம் எண் சாலை ப்ராவுலியோ கரியோ தேசியப் பூங்காவின் மலைக்காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மழை வலுத்தால் சரிவு இடிந்து சாலையில் விழுவது அங்கே வாடிக்கை. அன்றும் விழுந்திருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்து இருக்கைப் பெண் பையிலிருந்து காரமான இறைச்சி வைத்த 'பத்தி' என்கிற தின்பண்டம் ஒன்றை எடுத்து, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். நம்மூர் சோமாசி மாதிரி மடித்துச் சுட்ட பண்டம். கரீபியன் கரையின் முதல் ருசி எனக்கு மலைமேலேயே கிடைத்துவிட்டது.

அது 2018 செப்டம்பர். நாட்டின் பசிபிக் கரையிலும் தலைநகரிலும் மழை கொட்டுகிற மாதம். கரீபியன் கரைக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே வருடம் முழுக்க மழை உண்டு, ஆனால் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வானம் கொஞ்சம் வெளுக்கும், கடலும் அடங்கும். அதை நம்பித்தான் நானும் கணவரும் அந்த மாதத்தில் பத்து நாள் ஒதுக்கிப் போனோம்.

ஊர் சின்னது. கடலை ஒட்டி ஒரு சாலை, அதற்குப் பின்னால் நாலைந்து தெருக்கள், அதற்கும் பின்னால் காடு. ஊருக்குள் நுழையும்போது கருமணல் கரைக்குப் பக்கத்தில், தண்ணீரில் துருப்பிடித்த பழைய தோணி ஒன்று கிடந்தது. அதன் மேல் ஒரு மரம் முளைத்து நின்றது. சைக்கிள்கள்தான் அங்கே முக்கிய வாகனம். இங்கிருந்து மான்சானியோ வரைக்கும் பதின்மூன்று கிலோமீட்டர் சாலை கடலோரமாகவே போகிறது. வழியில் கோக்லெஸ், சிக்கித்தா, புன்தா ஊவா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடற்கரைகள். சாலையின் இரண்டு பக்க மரங்களும் மேலே கைகோத்து நிற்பதால் நடுப்பகலிலும் நிழலிலேயே மிதிக்கலாம். ஊருக்கு நேர் எதிரே பவளப்பாறை மேல் உடைகிற அலைக்கு சல்சா ப்ராவா என்று பெயர். உலகம் முழுவதிலிருந்தும் அலைச்சறுக்கு ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள். கோக்லெஸ் கரையில் இழுப்பு நீரோட்டம் பலமானது. சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அங்கே காவலுக்கு நின்ற இளைஞர் எங்களுக்குச் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன்.

கடற்கரையைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத நினைத்தது அந்தப் பின்பக்கத்துக் காட்டைப் பற்றி.

நாங்கள் தங்கியது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில். கால் வைத்து உயர்த்திக் கட்டிய மரவீடு, தகரக் கூரை. அந்தப் பக்கத்தில் வயதான பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டு அழைப்பது மரியாதை. நாங்கள் வெறும் 'மிஸ்' என்றே கூப்பிட்டோம். காலையில் வாசலில் யார் போனாலும் "வாப்பின்!" என்று ஒரு குரல் கொடுப்பார். என்ன சேதி என்று அர்த்தம். வீட்டில் அவர் பேசியது ஜமைக்கா வழி வந்த, அந்தக் கரையின் லிமோன் மாகாணத்து ஆங்கிலம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மேக்கட்டெல்யு. 'நான் சொல்கிறேன் கேள்' என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் வாக்கியம். பள்ளியில் பாடமெல்லாம் ஸ்பானிஷில்தான் என்பதால் பேரன் இரண்டையும் கலந்து பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்பங்கரையில் நான் உட்கார்ந்திருந்தேன். ரைஸ் அண்ட் பீன்ஸ் சமைக்கிற நாள். நாட்டின் மற்ற பகுதிகளில் காலையில் சோறும் பீன்ஸும் எண்ணெயில் புரட்டித் தரும் கய்யோ பின்தோ வேறு, இது வேறு. சிவப்பு பீன்ஸை வேகவைத்து, தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்தார். இரண்டாம் பாலில் அரிசியும் பீன்ஸும் வெந்தன. தைம் கொத்து ஒன்று, பூண்டு, அப்புறம் முழுசாக ஒரு பனாமா மிளகாய். பழுத்த, குண்டான, கொலைகாரக் காரம் உள்ள மிளகாய். அது உடையாமல் சோற்றின் மேல் உட்கார்ந்தே வேக வேண்டும். வாசம் இறங்கும், காரம் இறங்காது. உடைந்துவிட்டால் பானை வீண். அவர் கரண்டியை அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோன விதத்தைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. தேங்காயில் இரண்டாம் பால் எடுக்கத் தெரிந்த கைகளுக்குள் ஏதோ உறவு இருக்கிறது. கூடவே வறுத்த ஈரப்பலா இருந்தது, நாஞ்சில் நாட்டிலும் இலங்கையிலும் கறி வைப்பார்களே, அதே காய். குடிக்க இஞ்சியும் எலுமிச்சையும் வெல்லமும் சேர்த்த பானம். அதற்கு அங்கே தேரைத் தண்ணீர் என்று பெயர். நிறம்தான் காரணமாம்.

சாப்பிட்ட பிறகு பேரன் எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். இருபது அடி தாண்டியதுமே காடு. நெருக்கமாக மரங்கள், கொடிகள், தண்டை நனைத்துக்கொண்டு சொட்டும் பாசி. எங்கேயோ ஊளைக் குரங்குகள் கத்தின. முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ பெரிய மிருகம் என்றே நினைப்பார்கள். தரையில் நகத்தளவு சிவப்புத் தவளை ஒன்று குதித்தது. ஸ்ட்ராபெர்ரித் தவளை, தொடாதீர்கள் என்றான். எவ்வளவு அழகான காடு என்று நான் சொன்னேன். அவன் நின்று திரும்பிப் பார்த்தான். "இது காடு இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கோக்கோத் தோட்டம்."

அதன் பிறகுதான் என் கண் திறந்தது. உயர்ந்த மரங்களின் நிழலில், தோளளவு கிளைகளோடு, தண்டிலேயே காய் ஒட்டிய மரங்கள் வரிசையாக நின்றன. உண்மையிலேயே வரிசை. கொடியையும் செடியையும் கண்ணால் விலக்கிப் பார்த்தால் ஒரு மனிதன் கயிறு பிடித்து நட்ட நேர்க்கோடு அங்கே இருந்தது. பெரும்பாலான காய்கள் கறுத்துச் சுருங்கி, மேலே மாவு தூவியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தன.

அந்தப் பொடிக்கு மோனீலியா என்று பெயர். ஒரு வகைப் பூஞ்சை. வெளியே காய் நன்றாகவே தெரியும். உள்ளே விதைகள் அழுகிக் கட்டியாகிவிட்டிருக்கும். பிறகு தோலில் பழுப்புத் திட்டு வரும், அதன் மேல் வெள்ளை படியும். கோடிக்கணக்கான வித்துகள். காற்றடித்தால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். 1970களின் கடைசியில் அது இந்த ஊர் இருக்கும் தலமான்கா கரைக்கு வந்து சேர்ந்தது. சில வருடங்களுக்குள் விளைச்சல் முக்காலுக்கு மேல் விழுந்துவிட்டது.

அது எவ்வளவு பெரிய இடி என்று புரிய வேண்டுமானால் மிஸ் போன்ற கறுப்பின மக்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று தெரிய வேண்டும். 1828இல் பனாமாவின் போக்கஸ் தெல் தோரோ பக்கமிருந்து கடலாமை பிடிக்க வந்த வில்லியம் ஸ்மித் என்பவர் கவீட்டா முனையில் குடியேறினார். ஆமை பிடிக்க வந்தவர்கள் தங்கிய இடமெல்லாம் தென்னை நட்டார்கள். இன்றைக்குப் படங்களில் நாம் பார்க்கும் தென்னந்தோப்புக் கரை தானாக முளைத்ததல்ல. 1871இல் சான் ஹோஸேயிலிருந்து லிமோனுக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். அடுத்த வருடத்திலிருந்து ஜமைக்காவிலிருந்து ஆட்கள் கப்பலில் வந்தார்கள். மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1890இல் பாதை முடிந்தது. பாதையோரம், அதைப் போட்ட அமெரிக்கரான மைனர் கீத் நட்ட வாழைதான் பிறகு யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியாக வளர்ந்தது.

கம்பெனி வாழையில் வேலை செய்தவர்களுக்கு நிலம் கிடையாது, கூலிதான். 1930களில் கம்பெனி பசிபிக் கரைக்கு இடம் மாற ஆரம்பித்தபோது, கறுப்பின மக்களை அங்கே வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1934 ஒப்பந்தத்தில் எழுதியே வைத்தார்கள். பிறந்த நாட்டிலேயே அவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை. 1948 உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் அது கிடைத்தது. அதனால் இந்தத் தென்கரையில் தென்னையும் கோக்கோவும் வைத்து, கடலில் மீன் பிடித்து, யாரிடமும் கூலிக்கு நிற்காமல் வாழ்ந்தவர்களுக்குக் கோக்கோ வெறும் பயிரில்லை. "கோக்கோ எங்களுக்கு முதலாளி இல்லாத வேலை" என்று மிஸ் சொன்னார். காயை வெட்டி, விதையைப் பெட்டியில் ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் காய வைத்து, படகேற்றி அனுப்புவார்கள். மழை வந்தால் சட்டென்று இழுத்து மூடுகிற நகரும் கூரை ஒன்று ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் இருந்ததாம். அவருடைய அண்ணன்கள் அறுவடைப் பணத்தில்தான் லிமோன் நகரத்தில் தங்கிப் படித்தார்கள்.

மோனீலியா வந்ததும் பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலர் நியூயார்க்குக்குப் போனார்கள். சிலர் கடலோர நிலத்தை மலிவாக விற்றார்கள். அந்தச் சமயத்தில்தான் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, முதுகுப்பை மாட்டிய வெளிநாட்டு இளைஞர்கள் வந்தார்கள். கைவிட்ட தோட்டங்களுக்குள் பறவையும் வௌவாலும் விதை போட்டன. நிழலுக்கென்று விட்டு வைத்திருந்த பெரிய மரங்கள் இன்னும் உயர்ந்தன. கோக்கோ நிழல் கேட்கிற பயிர். அதை நட்டவர்கள் காட்டை முழுசாக வெட்டவே இல்லை. அதனால்தான் காடு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தது. 'காடு சூழ்ந்த, அவசரமே இல்லாத கரீபியன் ஊர்' என்று பயண இணையதளங்கள் விற்கிற அந்தக் காட்டில் ஒரு பகுதி, நொடித்துப்போன ஒரு வாழ்க்கையின் மேல் முளைத்தது. இது தெரியாமல் அந்தச் சாலையில் நான் நாலு நாள் சைக்கிள் ஓட்டியிருந்தேன்.

பெயர்கள்கூட அப்படித்தான். ஊரின் பழைய பெயர் ஓல்டு ஹார்பர். புன்தா ஊவாவைப் பெரியவர்கள் கிரேப் பாயின்ட் என்பார்கள், புன்தா மோனாவை மங்கி பாயின்ட் என்பார்கள். அரசு வரைபடத்தில் எல்லாம் ஸ்பானிஷாக மாறிவிட்டது. மிஸ் ஒரு தடவைகூட புவெர்ட்டோ வியெஹோ என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மரக்கிளையில் தொங்கியே வாழும் ஸ்லாத் என்ற விலங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தினமும் பார்த்தோம். தூரத்தில் கிளையில் மாட்டிய பழைய சாக்கு மாதிரி தெரியும். மூன்று விரல் ஸ்லாத் தின்னும் இலை செரிக்கவே வாரக்கணக்காகும். அதில் கிடைக்கும் சொற்பச் சக்திக்கு ஏற்ற மாதிரிதான் அது நகர்கிறது. வாரத்துக்கு ஒரு முறை மலம் கழிக்க மட்டும் மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்கும். ஸ்பானிஷில் அதன் பெயருக்கே சோம்பேறி என்றுதான் அர்த்தம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களையும் வெளியிலிருந்து வருபவர்கள் இதே சொல்லால் குறிப்பிடுவதை இரண்டு மூன்று இடத்தில் கேட்டேன். காலை நாலு மணிக்குத் தேங்காய் துருவ எழுந்த பெண்மணியின் வீட்டில் தங்கியிருந்ததால் எனக்கு அது நேராகவே வலித்தது. சாலையோரம் மின்கம்பிகளில் ஸ்லாத்களும் குரங்குகளும் அடிபட்டுச் சாகின்றன. மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஸ்லாத் தன் குட்டியோடு கடந்து போனதை, சைக்கிள்களை நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் நாங்கள் பத்துப் பேர் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

கவீட்டாவுக்கு ஒரு நாள் போனோம். பக்கத்து ஊர். பவளப்பாறையைக் காக்க 1970இல் அரசு அங்கே காப்பகம் அமைத்தது. 1978இல் அது தேசியப் பூங்காவானது. நல்ல காரியம்தான், ஆனால் அந்த எல்லைக்குள் கவீட்டாக்காரர்களின் தென்னையும் கோக்கோவும் இருந்தன. 1994இல் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தை அரசு திடீரென்று 15 டாலராக உயர்த்தியது. வருகிறவர்கள் நின்றுபோவார்கள், ஊர் பட்டினி கிடக்கும் என்று மக்கள் ஊர்ப்பக்கத்து வாசலைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் அரசும் ஊரும் சேர்ந்து பூங்காவை நிர்வகிப்பது என்று முடிவானது. நாங்கள் போனபோதும் கெல்லி க்ரீக் என்ற அந்த ஊர்ப்பக்கத்து வாசலில் கட்டணம் கிடையாது, இஷ்டப்பட்டதைப் பெட்டியில் போடலாம். என்னை அசைத்தது அந்தப் பெட்டிதான். காட்டை அழித்தா அவர்கள் வாழ்ந்தார்கள்? இல்லையே. அவர்கள் கேட்டது காட்டின் பக்கத்தில் இருக்கிற உரிமையை.

கவீட்டாவில் எங்கோ ஒரு ஜன்னலிலிருந்து கலிப்சோ பாட்டு வந்துகொண்டிருந்தது. நாட்டின் கலிப்சோவுக்குத் தந்தை மாதிரியான வால்டர் ஃபெர்குசன் அந்த ஊரில்தான் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார், 99 வயதில். கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டிலேயே ஒலிநாடாவில் பாடிப் பதிவு செய்து கொடுத்த மனிதர். அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. 2023 பிப்ரவரியில் 103 வயதில் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது, தட்டியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

கோக்கோவைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் மிஸ், "அதைப் பற்றி எங்களுக்கு முன்னாலிருந்தே தெரிந்தவர்களிடம் போ" என்று அனுப்பினார். ப்ரிப்ரி பழங்குடி மக்கள். யோர்க்கின் என்ற அவர்களுடைய கிராமத்துக்குச் சாலை இல்லை. மோட்டார் வைத்த நீளமான மரப்படகில் ஆற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் போக வேண்டும். ஒரு கரை கோஸ்டா ரிக்கா, மறு கரை பனாமா. படகுத்துறைக்குப் போகிற வழியெல்லாம் வாழைத் தோட்டங்கள். ஒவ்வொரு குலைக்கும் பூச்சிமருந்து தடவிய நீலப் பிளாஸ்டிக் பை.

அங்கே எங்களுக்குக் கோக்கோ காய்ச்சித் தந்தது பெண்கள். அதைச் செய்ய அவர்களுக்கு மட்டுமே உரிமை. சிபூ என்கிற அவர்களுடைய கடவுள் ஒரு பெண்ணைத்தான் கோக்கோ மரமாக மாற்றினார். அதனால் அந்த மரத்தை விறகாக எரிக்க மாட்டார்கள். பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள், நிலமும் அம்மா வழியாகவே இறங்குகிறது. வறுத்த விதையைப் பெரிய கல்லின் மேல் போட்டு, இன்னொரு கல்லை இப்படியும் அப்படியும் உருட்டி அரைத்தார்கள். நானும் அரைத்துப் பார்த்தேன். அம்மிக் கல் பழகிய கைக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. இழுப்பது கிடையாது, சாய்ப்பதுதான். சர்க்கரை போடாத அந்தப் பானம் கசப்பாக, புகை வாசத்தோடு, நெய் மிதக்க இருந்தது. அவர்களுடைய மரங்களிலும் மோனீலியா இருந்தது. ஆனால் வாழை, மரவள்ளி, பழமரம், மருந்துச் செடி எல்லாவற்றுக்கும் நடுவே கோக்கோ நின்றதால், அது மட்டும் போனாலும் வீடு நிற்கிறது.

கடைசி இரவு மின்சாரம் போனது. மிஸ்ஸும் நாங்களும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். 1991 ஏப்ரல் 22ஆம் தேதி மத்தியானத்து நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அதன் அளவு 7.6. தரை கடல் மாதிரி அலை அலையாக வந்ததாம். பின்னால் பார்த்தால் கடல் உள்ளே போயிருந்தது, திரும்பி வரவில்லை. உண்மையில் போனது கடல் இல்லை, கரைதான் மேலே எழுந்திருந்தது. லிமோன் பக்கம் ஒன்றரை மீட்டர் வரை உயர்ந்துவிட்டது. பவளமெல்லாம் வெயிலில் கிடந்து செத்து நாறியது. "நான் நண்டு பிடித்த பாறை இப்போது வெறும் கல். அதன் மேல் உட்கார்ந்து உங்கள் மாதிரி ஆட்கள் சூரிய உதயம் பார்க்கிறார்கள்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

விடிந்ததும் பின்பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மிஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளமான கம்பியின் முனையில் கத்தி கட்டி, கோக்கோ மரங்களுக்கிடையே நின்றுகொண்டிருந்தார். வாரம் ஒரு தடவை இதைச் செய்வாராம். நோய்பட்ட காய்களை வெள்ளை படிவதற்கு முன்னால் அறுத்துக் கீழே தள்ளி, இலையால் மூடிவிட வேண்டும். அதுதான் மோனீலியாவுக்கு இருக்கும் மருந்து. முப்பது மரத்தை மட்டும் இப்படிப் பார்த்துக்கொள்கிறார். மற்றவை காட்டுக்கு.

"கூடையைப் பிடி, குழந்தே" என்றார். பிடித்தேன். ஒரு வரிசை முடிவதற்குள் பதினோரு காய்கள் தரைக்குப் போயின, இரண்டு கூடைக்குள் வந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தார். மஞ்சள் நிறம், உள்ளங்கை இரண்டும் சேர்ந்து பிடிக்கிற அளவு.

"விமானத்தில் விட மாட்டார்கள். பேருந்திலேயே உடைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். கொட்டையைக் கடிக்காதே, கசக்கும். சதையை மட்டும் சப்பு."

லிமோன் தாண்டுவதற்குள் நாங்கள் அதை முடித்துவிட்டோம். விதையைச் சுற்றிய வெள்ளைச் சதை புளிப்பும் இனிப்புமாக நாக்கில் வழுக்கியது. விரலெல்லாம் பிசுபிசு. முன் இருக்கையில் இருந்த பெரியவர் வாசம் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். கணவர் அவரிடம் காயின் பாதியை நீட்டினார். அவர் இரண்டு விதைகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்ப நேரம் சப்பிக்கொண்டிருந்தார்.